பெடல் பலகையும் இணைப்பு வடமும்: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கருவியை ஆக்கிய கைகளையும் அதனை இசைத்த விரல்களையும் போற்றுவதே பெருவழக்கு. வீணையின் குடத்தைப் பற்றியும் வயலினின் மெருகைப் பற்றியும் ஏடுகள் பல எழுந்துள்ளன. ஆயின், கருவிக்கும் கேட்போர் செவிக்கும் இடையே கிடக்கும் பொருள்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. மின்கிதாரைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. மரத்தாலான கிதார் தன் வயிற்றிலேயே ஒலியைப் பெருக்கிக்கொள்ளும். மின்கிதாருக்கு அத்தகைய வயிறில்லை. அதன் ஒலி ஒரு கம்பி வடத்தின் வழியே சென்று, கலைஞனின் காலடியில் வரிசையாகக் கிடக்கும் சிறு பெட்டிகளைக் கடந்து, ஒலிபெருக்கியை அடைந்த பின்னரே பிறக்கிறது.

அச்சிறு பெட்டிகளைப் ‘பெடல்’ என இசைக்குழுவினர் வழங்குவர். அவற்றை ஒழுங்குற அமைத்துத் தாங்கும் சட்டம் ‘பெடல் பலகை’ எனப்படும். ஒரு பெடலை அடுத்த பெடலோடு பிணைக்கும் சாண் அளவேயான குட்டை வடத்தை ‘பேட்ச் கேபிள்’ என்பர். இக்கட்டுரையில் அஃது இணைப்பு வடம் எனப்படும். விலையுயர்ந்த கிதாரும் பெருக்கியும் இருந்தும், இக்குட்டை வடங்களுள் ஒன்று பழுதுற்றால் மேடையில் எஞ்சுவது மௌனமே. வாரத்தில் நான்கு இரவுகள் திருமண விருந்துகளிலும் உணவகங்களிலும் வாசித்துக் குடும்பம் பேணும் கலைஞனுக்கு அம்மௌனம் ஒரு சிறு இடையூறன்று. அடுத்த மாதம் அவனை அழைப்பார்களா, மாட்டார்களா என்பதை அது முடிவு செய்துவிடக்கூடும். பெடல் பலகையின் வரலாறு புதிய ஒலிகளைத் தேடிய வேட்கையின் வரலாறு என்றே பலரும் கருதுகின்றனர். நேற்று ஒலித்தது இன்றும் ஒலிக்க வேண்டும் என்ற கவலையே அப்பலகையை உண்டாக்கிற்று என்பதே வரலாறு காட்டும் உண்மையாகும்.

கதை தொலைபேசியிலிருந்து தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. ஒருவர் மற்றொருவரோடு பேச வேண்டுமாயின், இருவர் கம்பிகளையும் இணைப்பகத்தில் இருப்பவர் கையால் பொருத்தியாக வேண்டும். தொடக்கத்தில் இப்பணியைச் சிறுவர்கள் செய்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி பணியமர்த்தப்பட்டார். முதல் பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த சார்ல்ஸ் ஸ்கிரிப்னர் என்னும் பொறியாளர் இவ்விணைப்புப் பலகைக்கென ஒரு பொருத்தியை அமைத்தார். மடக்குக் கத்தியை ஒத்திருந்தமையால் அதற்குக் கத்தியின் ஆங்கிலப் பெயரே வாய்த்தது. இன்று ‘ஜாக்’ என வழங்கும் சொல் அதன் குறுக்கமே.

அப்பொருத்தியினின்று வளர்ந்ததே கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள செருகி. நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை செருகவும் பிடுங்கவும் பட்டதால் அதன் வடிவம் எளிமையும் வலிமையும் பெற்றது. நுனி ஒரு முனை, தண்டு மறுமுனை, இடையே ஒரு கறுப்பு வளையம் இரண்டையும் பிரிக்கும். மின்கிதார் பிறந்தபோது இச்செருகி எளிதிற் கிடைக்கும் பொருளாக இருந்தது. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் ‘பொரிச்சட்டி’க் கிதாரும், 1936இல் வந்த கிப்சன் இஎஸ்-150 கிதாரும், 1950களில் வந்த ஃபெண்டர் கிதார்களும் இசைக்கெனப் புதிதாக ஒரு பொருத்தியைப் படைக்கவில்லை; தொலைபேசிக்காரர் விட்டுச்சென்ற வழியிலேயே அவை சென்றன.

‘பேட்ச்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுதலை அது குறிக்கும். ஓர் இணைப்பைத் தற்காலிகமாக ஏற்படுத்தும் வடத்துக்கு அப்பெயர் பொருந்தியே நிற்கிறது. 1964இல் ராபர்ட் மூக் உருவாக்கிய மின்னிசைத் தொகுப்பியிலும் இவ்வகை வடங்களே ஒலியின் தன்மையை வரையறுத்தன. அதனால்தான் வடமே இல்லாத இன்றைய இலக்கமுறைக் கருவிகளிலும் ஓர் ஒலியமைப்பை ‘பேட்ச்’ என்றே அழைக்கின்றனர். சொல் நிலைத்துவிட, பொருள் மறைந்துபோன விந்தைகளுள் இதுவும் ஒன்று.

ஒலியை மாற்றும் தனிப்பெட்டிகளுள் காலத்தால் முற்பட்டது 1940களின் பிற்பகுதியில் டிஆர்மண்ட் பெயரில் வந்த நடுக்கொலிப் பெட்டியாகும். சிறு மின்பொறி ஒன்று உள்ளேயிருக்கும் குப்பியை ஆட்டும். குப்பியில் உள்ள மின்கடத்தும் நீர்மம் தளும்புந்தோறும் ஒலி ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். நீர்மம் வற்றினால் நடுக்கம் நின்றுவிடும். நடமாடும் கலைஞனுக்குத் தண்ணீர்க் குப்பியைச் சுமப்பது எத்துணைத் தொல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உண்மையான திருப்பம் ஒரு பழுதிலிருந்தே வந்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாடல் ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த தாழ்சுரக் கிதாரின் ஒலி கரகரத்துச் சிதைந்தது. ஒலிப்பதிவு மேசையில் ஒரு மின்மாற்றி கெட்டிருந்ததே காரணம். சிதைந்த அவ்வொலியை நீக்காமலே 1961இல் இசைத்தட்டை வெளியிட்டனர். மக்கள் அதனை விரும்பினர். பொறியாளர் கிளென் ஸ்நோடி அப்பழுதையே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டும்போது எழுப்புமாறு ஒரு மின்சுற்றை அமைத்துக் கிப்சன் நிறுவனத்துக்கு அளித்தார். 1962இல் ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் அது காலால் மிதிக்கும் பெட்டியாக வெளிவந்தது. முதலில் அது பெரிதாக விலைபோகவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாடலில் அதனைப் பயன்படுத்திய பின்னரே கடைகளில் தட்டுப்பாடு ஏற்பட்டது. இப்பெட்டியில் ஒரு வடம் நிலையாகவே பொருத்தப்பட்டிருந்தது. வேறொரு பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்தும் தேவை வரும் என்று அதனைச் செய்தோர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் இவ்வளர்ச்சி வேறு வழியில் நிகழ்ந்தது. ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் இத்தாலியில் செய்யப்பட்ட மெயாட்சி என்னும் நாடா எதிரொலிப் பொறியைத் தம் கிதாருக்கும் பெருக்கிக்கும் இடையே வைத்தார். 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டுடன் அக்குழு சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்ட் அரங்குக்கு வந்து வாசித்தது. அதன் பின்னர் இவ்வட்டாரத்தில் தோன்றிய ‘போப் யே யே’ இசையையும், ‘கும்புலான் கித்தார் ராஞ்சாக்’ என்பதன் சுருக்கமாகிய ‘குகிரான்’ குழுக்களையும் மலேசிய, சிங்கப்பூர் வாசகருள் மூத்தோர் மறந்திரார். மூன்று கிதாரும் ஒரு முரசுத் தொகுதியும் கொண்ட அக்குழுக்களுக்கு ஷேடோஸ் குழுவே முன்மாதிரி.

1966க்கும் 1969க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பெட்டிகள் பெருகின. கலிஃபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்னும் பொறியாளர் அமைத்த மின்சுற்று ஓர் ஆர்கனின் மிதிகட்டையில் பொருத்தப்பட்டு ‘வா-வா’ பெடலாயிற்று. இலண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் 1966இல் வட்டமான ‘ஃபஸ் ஃபேஸ்’ பெட்டியை வெளியிட்டது. ஒலிவாங்கித் தாங்கியின் அடித்தட்டே அவ்வடிவுக்கு மூலம் என்பர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் மேடையில் வா-வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப் ஆகிய மூன்றையும் வரிசையாக இணைத்து வாசித்தார். அவை பலகை எதிலும் பொருத்தப்படவில்லை. மேடைத் தரையில் அப்படியே கிடந்தன. கால் பட்டால் நகரும். வடம் இழுபட்டால் கழன்றுபோகும். 1971இல் பாம்பெய் நகரத்துப் பழம் அரங்கில் படமாக்கப்பட்ட பிங்க் ஃபிளாய்ட் குழுவின் நிகழ்ச்சியிலும் டேவிட் கில்மோரின் பெட்டிகள் தரையில் சிதறிக் கிடப்பதைக் காணலாம். மாபெரும் கலைஞர்களும் அக்காலத்தில் அறுந்தால் ஒட்டுப்போடும் நிலையிலேயே இருந்தனர்.

இதனிடையே ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய சுருள் வடத்தைப் பற்றி ஒரு சொல். மாணவர்க்கு இங்கு இயற்பியல் பாடமொன்று காத்திருக்கிறது. கிதாரின் ‘பிக்கப்’ என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மயிரிழை போன்ற செம்புக் கம்பியாகும். அதற்குத் தூண்டல் பண்பு மிகுதி. வடமோ நடுவே ஒரு கம்பியும் அதனைச் சூழ ஓர் உறையும் கொண்டமையால் மின்தேக்கியைப் போல் இயங்கும். சாதாரண வடத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் தேக்கம் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியை உயர்த்தி, அதற்கு மேற்பட்டவற்றை விழுங்கிவிடும். பிக்கப்பின் தூண்டல் 2.5 ஹென்றி எனக் கொண்டு, பிறவற்றைத் தள்ளிக் கணக்கிட்டால், 3 மீட்டர் வடத்தில் அவ்வதிர்வெண் ஏறத்தாழ 5,800 ஹெர்ட்ஸ். 9 மீட்டர் வடத்தில் 3,350 ஹெர்ட்ஸ். நீளம் மும்மடங்கானால் அதிர்வெண் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுபடும் என்பதே கணக்கு. காதுக்கு இதன் பொருள், கிதாரின் மினுக்கம் மங்கிப்போதல். சுருள் வடத்தில் சுருண்டிருக்கும் கம்பியின் உண்மை நீளம் மிகுதியாதலால் மங்கலும் மிகுதி. ஹெண்ட்ரிக்ஸின் கூர்மையான ஒலியமைப்புக்கு அம்மங்கல் நன்மையே செய்தது எனலாம். ஆயினும் எல்லார்க்கும் அது பொருந்தாது.

பெட்டிகள் பெருகப் பெருக இவ்வின்னல் வளர்ந்தது. அதனை முதலில் முறையாக எதிர்கொண்டவர்களுள் தலையாயவர் இலண்டனைச் சார்ந்த பீட் கார்னிஷ். அவர் 1970களின் தொடக்கத்தில் பெடல்களைப் பெட்டியினின்று வெளியே எடுத்து, அவற்றின் மின்சுற்றுகளை ஒரே மரப்பேழைக்குள் பதித்து, செருகிகளை அகற்றிவிட்டு நேரடியாகப் பற்றாசு வைத்து இணைத்தார். இணைப்பு வடம் என்ற ஒன்றே அங்கு இல்லாமற் போயிற்று. நுழைவாயிலில் ‘பஃபர்’ எனப்படும் தாங்குசுற்று ஒன்றையும் அமைத்தார். கிதாரின் மெலிந்த மின்னோட்டத்தை ஏற்று, வலிமையுடையதாக்கி அனுப்புவது அதன் தொழில். அதற்கப்பால் வடம் எத்துணை நீண்டாலும் கிதாரின் பிக்கப் அதனை உணராது. 1976இல் கில்மோருக்காக அவர் செய்த பலகை புகழ்பெற்றது. நூற்றுக்கணக்கான கல் தொலைவு வண்டியில் குலுங்கிச் சென்று, இறங்கிய ஊரில் உடனே ஒலிக்கும் பலகையே அவரை நாடி வந்தோர்க்கு வேண்டியிருந்தது. அவர் விற்றது ஒலியன்று, நம்பிக்கை.

ஆனால் கார்னிஷின் பேழையை வாங்கும் வசதி உலகம் சுற்றும் கலைஞர்க்கே உரியது. உள்ளூர் அரங்கில் வாசிப்பவன் என்ன செய்வான்? அவனுக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகா நகரில் 1972இல் இகுதாரோ காகேஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனத்தின் கிளையாகிய பாஸ், 1977இல் சிறு பெடல்களின் முதல் வரிசையை வெளியிட்டது. அகலம் 73, நீளம் 129, உயரம் 59 மில்லிமீட்டர். இன்றுவரை அவ்வளவு மாறவில்லை. பெடலின் முன்பகுதி முழுதும் மிதிகட்டையாகவே அமைந்தது. பொத்தானைத் தேடிக் குனிய வேண்டியதில்லை. விரலால் திருகும் ஒரு திருகைத் தளர்த்தினால் மின்கலத்தை மாற்றலாம். எல்லாப் பெடலும் ஒரே அளவு ஆதலால், செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கி வைக்கும் பெட்டியும் பின்னர் விற்பனைக்கு வந்தது. சாமானிய கலைஞனின் பெடல் பலகைக்கு வித்திட்டது இந்த அளவொழுங்கே. இதே பத்தாண்டில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் எம்எக்ஸ்ஆர் நிறுவனமும் உள்ளங்கையளவுப் பெட்டிகளைச் செய்தது. நியூயார்க் நகரில் மைக் மேத்யூஸ் 1968இல் தொடங்கிய எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனமோ பெரிய தகரப் பெட்டிகளையே நெடுங்காலம் விட்டகலவில்லை. அவற்றின் ஒலியைப் புகழாதவர் இலர். அவை பலகையில் அடைத்துக்கொண்ட இடத்தைக் கடிந்துகொள்ளாதவரும் இலர்.

1980களில் பெருங்கலைஞர் சிலர் பெடல்களை மேடையிலிருந்தே விலக்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாப் பிராட்ஷா பெடல்களை அலமாரித் தட்டுகளில் அடுக்கி, மேடையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் வைத்தார். அலமாரிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்தன. அவற்றைச் சுமக்கத் தனி ஆட்கள் வேண்டும். 1990களில் எளிய இசையை விரும்பிய இளைஞர் குழுக்கள் மீண்டும் தரைப் பெடல்களுக்கே திரும்பின. அப்பொழுதுதான் பலகையும் இணைப்பு வடமும் தனி வணிகப் பொருள்களாயின. அலுமினியச் சட்டங்கள் வந்தன. 1955இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் காப்புரிமை பெற்ற வெல்குரோ ஒட்டுப்பட்டை பெடல்களைச் சட்டத்தில் பிடித்துவைத்தது. காட்டில் நாயின் மயிரில் ஒட்டிய முட்காய்களைக் கண்டு தோன்றிய கருத்து, மேடையில் கிதாருக்குத் துணையாயிற்று.

இனி, மேடையில் தொடர்ந்து வாசிப்போன் எதனைத் தேர்வான் என்பதை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கலாம். ஒரு சிறு கணக்கு. ஆறு பெடல்கள் கொண்ட பலகையில் ஐந்து இணைப்பு வடங்கள் இருக்கும். கிதாரிலிருந்து ஒன்றும் பெருக்கிக்கு ஒன்றுமாக இரண்டு நீள வடங்கள். ஆக 7 வடங்கள், 14 செருகிகள், செருகிக்கு இரண்டாக 28 பற்றாசு முனைகள். இவை வரிசையாக அமைந்தமையால் ஒன்று அறுந்தாலும் முழுதும் நிற்கும். ஒரு வடம் நூறு இரவுகளில் 99 இரவு பழுதின்றி இருக்கும் எனக் கொள்வோம். ஏழும் சேர்ந்து பழுதின்றி இருக்கும் வாய்ப்பு 0.99இன் ஏழாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 93 விழுக்காடே. நூறு இரவுகளில் ஏழு இரவுகள் இடையூறு! ஒவ்வொரு வடமும் ஆயிரத்தில் 999 இரவு தாங்குமாயின் அவ்வேழு இரவு ஓர் இரவினும் குறையும். மலிவான வடத்தை வாங்கி மிச்சப்படுத்திய பணம் எங்கே போகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இணைப்பு வடங்கள் மூவகைப்படும். முதல்வகை, செருகியும் வடமும் ஒரே நெகிழிவார்ப்பாக அமைந்தவை. பல வண்ணங்களில் பொதியாகக் கிடைக்கும். உள்ளே பற்றாசு எவ்வாறு உள்ளது என்று பார்க்க இயலாது. பழுதுற்றால் திறக்கவும் இயலாது. தொடக்க மாணவர்க்கு இவை போதும். இரண்டாம் வகை, உலோகச் செருகியைத் திருகித் திறக்கக்கூடியவை. நுனிக்கும் தண்டுக்கும் உரிய முனைகள் பற்றாசினால் இணைக்கப்பட்டு, வடத்தின் புறவுறை ஒரு பிடியால் இறுக்கப்பட்டிருக்கும். இப்பிடியே இன்றியமையாதது, இழுவிசை பற்றாசின்மீது விழாமல் காப்பது அதுவே. பளபளக்கும் பற்றாசு நல்லது. மங்கிச் சொரசொரப்பாகத் தோன்றினால் அது சூடு போதாமல் வைத்த பற்றாசு, ஒரு நாள் கைவிடும். மூன்றாம் வகை, பற்றாசே இல்லாமல் வடத்தை வெட்டிச் செருகியினுள் நுழைத்துத் திருகால் இறுக்குபவை. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்பது இவற்றின் பெருநன்மை. திருகு தளர்ந்தால் ஒலி விட்டுவிட்டு வரும் என்பது குறை. வண்டியில் அன்றாடம் குலுங்கும் பலகைக்கு இரண்டாம் வகையே ஏற்றது. பற்றாசுக் கோலைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அதனினும் சிறந்த தேர்வு இல்லை.

நீளத்தைப் பற்றியும் கவனம் வேண்டும். விறைப்பாக இழுபட்ட வடம் செருகியை ஒருபுறமாக நெம்பும். பெடலின் உள்ளிருக்கும் பொருத்தியும் தளரும். விரலொன்று நுழையும் அளவு தளர்வு இருத்தல் நன்று. மிகுதியாய்ச் சுருண்டு கிடக்கும் வடமோ காலில் சிக்கும். வலைபோல் பின்னிய செம்புறை கொண்ட வடம் வளைவைத் தாங்கும். மென்தகட்டுறை கொண்டது அசையாத இடத்துக்கே பொருந்தும். ஈரப்பதமும் வியர்வையும் மிக்க வெப்ப நாடுகளில் செருகியின் மேற்பூச்சு விரைவில் மங்குவதால், மாதம் ஒருமுறையேனும் துணியால் துடைத்துப் பல தடவை செருகி எடுத்தல் வேண்டும். பழுதுகளுட் பல அழுக்கினால் வருபவையே.

தாங்குசுற்றைப் பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அணைத்த பெடலில் ஒலி எச்சுற்றையும் தீண்டாது நேரே செல்ல வேண்டும் என்ற கொள்கை 1990களில் பரவிற்று. கேட்பதற்கு அது தூய்மையான கொள்கைதான். ஆயினும் கிதாரிலிருந்து 6 மீட்டர், பலகையினுள் 2 மீட்டர், பெருக்கிக்கு 6 மீட்டர் என 14 மீட்டர் வடத்தையும் பிக்கப்பே சுமக்க நேர்கிறது. தேக்கம் 1,400 பைக்கோஃபாரட் ஆகிறது. தாங்குசுற்றுடைய பெடல் ஒன்று முதலில் நின்றால் 6 மீட்டரோடு சுமை தீரும். கார்னிஷ் முன்னரே கண்ட உண்மையை மறந்து, தூய்மையின் பெயரால் ஒலியை மங்கவிட்டோர் பலர். இதற்கு ஒரு விலக்குண்டு. ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய பெட்டிகள் கிதாரோடு நேரே இணைந்தாலன்றிச் சரிவர ஒலிக்கா. அவற்றை வரிசையின் தலையிலும் தாங்குசுற்றை அவற்றுக்குப் பின்னும் வைத்தல் முறை.

மின்சாரமும் இக்கதையில் ஒரு பாத்திரமே. 9 வோல்ட் மின்கலம் நிகழ்ச்சியின் நடுவே தீர்ந்துபோகும். பெடலின் நுழைவாயிலில் செருகி இருக்கும்வரை மின்கலம் செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதை அறியாது, இரவு முழுதும் செருகியை விட்டுவைத்து மறுநாள் மேடையில் திகைத்தோர் எண்ணற்றோர். ஜப்பானியப் பெடல்கள் பரவியதால், நடுமுனை எதிர்மின்னாக அமைந்த 9 வோல்ட் மின்வழங்கி பொது வழக்காயிற்று. ஒரே வழங்கியிலிருந்து பல கிளைகளாகப் பிரியும் வடம் மலிவானது. ஆயினும் இலக்கமுறைப் பெடல்களின் இரைச்சல் அதன்வழி மற்றப் பெடல்களுக்குள் நுழையும். தனித்தனியே பிரிக்கப்பட்ட வாயில்களையுடைய வழங்கி விலை மிகுந்ததெனினும், தொடர்ந்து மேடையேறுவோன் வாங்கத்தக்க முதற்பொருள் அதுவே. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் பெட்டிகள் சிலவற்றில் மின்முனைகள் தலைகீழாக இருக்கும். பொது வழங்கியில் அவற்றை இணைத்தால் குறுக்கு மின்சுற்று ஏற்படும். அவை வெயிலில் சூடேறினால் ஒலியே மாறிவிடும் என்பது வேறு.

பலகையைத் தேர்வதில் பலர் செய்யும் பிழை, பெரிதாக வாங்குதல். வெற்றிடம் கண்டால் அதனை நிரப்பும் ஆசை எழும், பெட்டி கூடும், வடம் கூடும், மேற்சொன்ன கணக்கு பாதகமாகும். மாதத்தில் எட்டு இரவுகளேனும் மிதிக்கப்படாத பெடலுக்குப் பலகையில் இடமில்லை என்ற கண்டிப்பு நல்லது. பெடல்களைத் தாளில் அளந்து வரைந்து, செருகிகள் பக்கவாட்டில் நீளும் இடத்தையும் சேர்த்த பின்னரே சட்டத்தை வாங்க வேண்டும். இதனை மறந்தவர்கள் ஆறு பெடல் கொள்ளும் என்று வாங்கிய பலகையில் ஐந்தைப் பொருத்திவிட்டுக் கையைப் பிசைவர். தட்டையான செருகிகள் இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் குறைத்தன. மரப்பலகையைத் தச்சரிடம் செய்துகொண்டாலும் இழுக்கில்லை. எடையை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும், மாடிப்படி ஏறிச் சுமப்பவன் கலைஞனே ஆதலால்.

இக்காலத்தில் பத்துப் பெடல்களின் தொழிலையும் ஒரே இலக்கமுறைப் பெட்டி செய்கிறது. அதனுள் இணைப்பு வடம் இல்லை. பற்றாசு தளர்வதும் இல்லை. கார்னிஷ் மரப்பேழையில் தேடியதைக் கணிப்பொறிச் சில்லு தந்துவிட்டது என்று சொல்லலாம். அவ்வாறிருந்தும் தனிப்பெடல்களின் விற்பனை நின்றபாடில்லை. இலக்கமுறைப் பெட்டியையே பலகையின் நடுவில் பொருத்தி, இரு பக்கத்திலும் பழைய பெடல்கள் இரண்டு மூன்றை இணைத்துக்கொள்வோரும் உளர். ஒன்று கெட்டால் மற்றவை பிழைக்கும், கெட்டதைத் தாண்டி ஒரு வடத்தை இணைத்து நிகழ்ச்சியை முடிக்கலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். பெட்டி எதுவாயினும் அதில் நுழையும் செருகி 6.35 மில்லிமீட்டர் செருகியேயாகும்.

பயிற்சியுள்ள மேடை உதவியாளர், ஒலி நின்றுபோனால் பெடலைத் தொடுவதில்லை. முதலில் கிதாரை நேரே பெருக்கியில் இணைப்பார். ஒலித்தால் பழுது பலகையில் உள்ளது. பின்னர் வரிசையின் நடுப்பெடலுக்கு நேரே கிதாரைக் கொண்டுசெல்வார். பழுது முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரிந்துவிடும். அப்பாதியை மீண்டும் பாதியாக்குவார். ஆறு பெடல்களாயின் மூன்று சோதனைகளில் கெட்ட வடம் கையில் வந்துவிடும். அதனை உருவி எடுத்து, இரு முனையிலும் ஒரு முடிச்சுப் போட்டு, பையின் அடியில் எறிந்துவிட்டு, பையின் மேலறையில் எப்போதும் கிடக்கும் மாற்று வடத்தைச் செருகுவார். முடிச்சிடாத கெட்ட வடம் எப்படியோ மீண்டும் பலகைக்கே வந்து சேர்ந்துவிடும்.